கால் சுற்று

மத்திய வீதியில் எங்கள் கடைக் கண்ணாடிக்குள்
இரண்டு ரீவி, இரண்டு டெக்.
இடப்பக்கம் பீற்றா. வலப்பக்கம் வி.எச்.எஸ்.
கம்பனி அனுப்பிய கசற்றில்
இரண்டிலும் ஒரே மீன்தொட்டி,
ஒரே சிவப்பு மீன்
ஒரே கல்லைச் சுற்றி.

மீன் பார்க்கச் சனம் கூடும்.
விடிய வலை இழுத்த கை காயாமல்
திருக்கடலூர் ஆட்கள் வருவார்கள்.
கோட்டைப் பக்கத்து மான்களும் ஆள் அடங்கினபின்
கண்ணாடியை நக்கிவிட்டுப் போகும்,
விடிந்ததும் அந்த எச்சிலைத் துடைப்பது என் வேலை.
"உது என்ன சாதி மீன்? கறிக்கு ஆகுமோ?"
ஒருவர் கேட்டார்.
"யப்பான் மீன். பார்க்க மட்டும்."
"அப்ப ரெண்டு தொட்டி என்னத்துக்கு?"

அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"ஒப்பிட்டுப் பாருங்கோ ஐயா,
என்னை நம்பாதேங்கோ, உங்கட கண்ணை நம்புங்கோ."
இந்த வசனம் நானே கண்டுபிடித்தது.
குணநாயகம் முதலாளி கேட்டுச் சிரித்தார்.
குடோனில் வி.எச்.எஸ். பத்தொன்பது பெட்டி,
பீற்றா நாலு.
ஆகவே காலையில் கடை திறந்து
சாம்பிராணி காட்டி
இடப்பக்க ரீவியின் பின்னால் கையை விட்டு
நிறத்தைக் குறைப்பேன்.
அதிகம் வேண்டாம். கால் சுற்று.
மீன் சாகாது.
காய்ச்சல்காரன் மாதிரி நீந்தும்.

கண்ணை நம்பினவர்கள் எல்லாரும்
வலப்பக்கம் பார்த்துக் காசு எண்ணினார்கள்:
சீனக்குடா மாவாலை மேற்பார்வையாளர்,
மடத்தடியில் படம் ஓட்டித்
தலைக்கு மூன்று ரூபாய் வாங்கும் றொபேட்,
மூதூர் லோஞ்சுக்கு நேரமாச்சு என்று
விலைகூடப் பேசாத ஒரு கந்தோர்க்காரர்.

கார்த்திகை மழை.
கரண்ட் போய் வந்து போய் வந்த ஒரு பகல்.
கிண்ணியாப் பாதையால் இறங்கி
ஒரு குடையும் ஒரு பிள்ளையுமாய்
மஸாஹிரா வந்தா.
மீனைப் பார்க்கவில்லை.
பைக்குள் பை, அதற்குள் துவாய்,
துவாய்க்குள் ஒரு கசற்.

"இது எந்த வாய்க்குள்ள போகும்?"

பாடமாக்கிய வசனம் தொண்டையில் நின்றது.
கையில் வாங்கும்போதே தெரிந்தது, சின்னது. பீற்றா.
போட்டேன்.

கத்தாரில் யாரோ கூட்டாளியின் கமரா.
ஒரு சுவர், ஒரு கலண்டர்,
ஒரு கட்டில், இன்னொரு கட்டிலின் கால்.
நடுவில் லாபிர்.
கொலருக்குள் விரலை விட்டபடி
என்ன பேசுவதென்று தெரியாமல்
ஊர்ச் சனத்தையெல்லாம் பேர் பேராய்ச் சுகம் கேட்டார்.
ஆட்டையும் கேட்டார்.
பக்கத்து ரீவியில் மீன் கல்லைச் சுற்றியது.
பிள்ளை மீனைப் பார்த்தது.

மஸாஹிரா கிட்டப் போனா.
"வெளிறிப் பெய்த்தாரே.
சுகம் எண்டுதானே கடிதத்தில எழுதுறார்.
ஆஸ்பத்திரியில கிடந்து
எனக்குச் சொல்லாம உட்டாரோ?"

கல்லாவில் இருந்து முதலாளி பார்த்தார்.
நான் தூசுத்துணியை எடுத்தேன்.
மேலே துடைத்து,
பக்கத்தைத் துடைத்து,
துடைத்தபடி பின்னால் போய்
கால் சுற்று.

லாபிரின் சட்டை நீலமானது.
கலண்டரில் வெள்ளிக்கிழமைகள் சிவந்தன.
காது மடலில் இரத்தம் ஓடியது.

"இப்ப பரவாயில்ல," என்றா,
அவரே தேறி எழும்பின மாதிரி.
பிறகு முதலிலிருந்து போடச் சொன்னா.
முதலிலிருந்தே நல்லாக இருந்தார்.

நாலில் ஒன்று போனது.
சாமான் கட்டிக் கொடுத்து, மழைக்குப் பொலித்தீன் சுற்றி,
பாதைவரை பெட்டியைத் தூக்கிப் போனதும் நான்தான்.
வழியில் அவ கேட்ட ஒரே கேள்வி,
எங்கட வீட்டு ரீவியிலயும்
இப்படித்தானே தெரிவார்?

முதலாளி பின்னேரம்வரை பேசவில்லை.
பிறகு சொன்னார்:
"இனிமேல் வாறவையிட்ட
வீட்டில கசற் இருக்கோ எண்டு முதல் கேள்."

மறுநாளும் சாம்பிராணி காட்டினேன்.
மறுநாளும் கையை விட்டுக் குறைத்தேன்.
மீன் பழையபடி காய்ச்சலில் விழுந்தது.

பையை நெஞ்சோடு அணைத்தபடி
யாராவது படியேறினால் மட்டும்
துணியைத் தேடுகிறேன்,
தூசு இல்லாத இடத்தில்.