இரண்டு மூச்சு

மெஸ்தியாவுக்கு வரும் சாலையைப் பனி மூடி ஒன்பது நாள்.
எங்கள் மூன்று குரலில் அடிக்குரல் மட்டும்
குத்தாயிசியில், நுக்சாரின் நான்காம் மாடியில்,
மாட்டிக்கொண்டது.
நெட்டில் ஒத்திகை வைத்தோம்.
இரண்டாம் அடியில் ஒவ்வொரு முறையும் பிந்தினார்.
"நான் சரியாகத்தான் வருகிறேன்,
உன் கம்பிதான் நொண்டுகிறது, குராந்தா."
கம்பி என் பிழைப்பு.
ரோஷம் வந்தது.

முதலில் பிங்.
சராசரி முப்பத்தொன்று.
சராசரி நல்ல மனுஷன்,
யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டான்.

பிறகு முறையாக இறங்கினேன்.
வைஃபை வேண்டாம், கேபிள்.
குரல் போகும் அதே அளவில் பாக்கெட்,
இருபது மில்லிசெகண்டுக்கு ஒன்று, அரை மணி நேரம்,
போகும் வழி தனியாக, வரும் வழி தனியாக.
இரு முனைக் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டியதில்லை,
பிணக்கு ஒரே அளவில் நீடித்தால் போதும்.

திரையில் முள்.
முள்ளுக்குப் பக்கத்தில் முள்.
பதினெட்டு, இருபத்திரண்டு, ஒருமுறை நாற்பது.
கோபுரத்தைச் சந்தேகித்தேன். உஷ்பா மலையை.
கம்பெனியின் கிழட்டு ரவுட்டரை.
தெமூரிக்கு மூன்று பத்தியில் ஒரு கடிதம்,
கடைசிப் பத்தியில் மரியாதை குறைவு.

அனுப்புமுன், ஏனோ,
கேபிளின் மறுமுனையைப் பிடுங்கி
மேசைக்கு எதிரே எத்தேரியின் கணினியில் சொருகினேன்.
மலை இல்லை, கோபுரம் இல்லை,
நடுவே இரண்டு முழக் கம்பி.
அதே முட்கள்.

மின்சாரம் மிச்சம் பிடிக்க
ஒரு பாக்கெட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில்
என் லேப்டாப் கண்ணயர்ந்திருக்கிறது.
தட்டினால் எழுந்து, முகம் கழுவி,
அப்புறம் நேரம் குறித்திருக்கிறது.
அளந்தவளின் கைநடுக்கம்
அளவில் ஏறி உட்கார்ந்திருந்தது.

அந்த உறக்கத்தை முடக்கினேன்.
மறுபடி குத்தாயிசி. மறுபடி அரை மணி.
நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பாக்கெட்
இரண்டு மில்லிசெகண்டுக்குள் வந்து நின்றது.
கடிதத்தை அழித்தேன்.

அப்படியானால்.

ஒத்திகைப் பதிவை ஹெட்போனில் ஓட்டினேன்.
இரண்டாம் அடிக்கு முன்னால்
நுக்சார் மூச்சு இழுப்பது கேட்கிறது.
போதாமல், சின்னதாக, இன்னொன்று.
போன பிப்ரவரிப் பதிவில் அது இல்லை.

"கோளாறு எங்கே?" என்றாள் எத்தேரி.
"என் மெஷினில்."
பொய் இல்லை.
"நாளையிலிருந்து அந்த இடத்தில்
எல்லோரும் இரண்டு மூச்சு எடுப்போம்."
"எதற்கு?"
"அப்படித்தான் நன்றாக இருக்கிறது."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
கீழே எங்கோ பனி தள்ளும் வண்டி
நின்று நின்று
ஏறி வந்துகொண்டிருந்தது.