ஒன்பதுக்கு முன்னால் ஒரு கோடு

கௌயா ஆற்றின் தொங்குபாலத்தடியில்
ஒரு கரும்பலகை இருக்கிறது.
காலை ஏழு மணிக்கு
கயிற்றில் கட்டிய வெப்பமானியை இறக்கி
மூன்று நிமிடம் எண்ணி
தூக்கி, துடைத்து,
எண்ணை எழுதுவது என் வேலை.
நகராட்சி தருவதில்
சாக்பீஸ் மட்டும் தாராளம்.

மார்ச்சில் ஒன்று.
பனிப்பாளங்கள் இடித்துக்கொண்டு போகும் சத்தத்தில்
எழுதுவேன்; யாரும் வாசிப்பதில்லை.
ஏப்ரலில் மூன்று, ஐந்து, ஆறு.
ஆறு ஆறிலேயே ஒரு வாரம் நிற்கும்.
அதற்கு அவசரமில்லை.
காற்றுதான் அவசரக்காரன்.

மே பதினொன்று. காற்று இருபத்தாறு.
ஏழு மாதம் கம்பளிக்குள் கிடந்த தோள்களெல்லாம்
ஒரே மத்தியானத்தில் வெளியே வந்துவிட்டன.
பிர்ச் மரங்களே அன்றுதான் துளிர்த்திருந்தன.
நான் எழுதியிருந்தது 9.

குன்வால்டிஸ் பதினான்கு வாடகைப் படகுகளைக் கழுவி
வரிசையாகக் கவிழ்த்திருந்தான்.
ஒன்பதைப் பார்த்தால் யார் காசு கொடுப்பார்கள்?
நான் சாப்பிடப் போன நேரம்
ஒன்பதுக்கு முன்னால் ஒரு கோடு இழுத்தான்.
அவ்வளவுதான்.
ஒரு விரல் நீளம்கூட இல்லை.

எகில்ஸ் ரீகாவில் வெல்டர்.
நீச்சல்குளத்தில் நிற்காமல் நாற்பது சுற்று போகிறவன்.
பத்தொன்பது என்று உரக்கப் படித்தான்,
தோழியிடம் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தான்,
மரத்துறையிலிருந்து தலைகீழாகப் பாய்ந்தான்.

குளிர்ந்த நீர் முதலில் பிடிப்பது தோலை அல்ல,
மூச்சை.
வாய் தானாகத் திறக்கும். நெஞ்சு தானாக இழுக்கும்.
அந்த முதல் இழுப்பு
நீருக்கு மேலே நடந்தால் வெறும் விக்கல்.
கீழே நடந்தால்

தலை வெளியே வந்தது.
கத்தவில்லை. கத்துவதற்கும் மூச்சு வேண்டும்.
நாற்பது சுற்று அறிந்த கைகள்
இல்லாத ஏணியில் ஏறிக்கொண்டிருந்தன.
கரையில் சிலர் கைதட்டினார்கள்,
விளையாடுகிறான் என்று.

நீந்தாதே, மல்லாந்து கிட, மூச்சு திரும்பும்வரை கிட
என்று பாலத்திலிருந்து நான் அலறியது
அவனுக்குக் கேட்டதா தெரியாது.
குன்வால்டிஸுக்குக் கேட்டது.
துடுப்பை எடுக்கவும் மறந்து படகைத் தள்ளினான்,
வெறுங்கையால் தண்ணீரை வாரி வாரி.

மணற்பாறை சிவந்து நிற்கும் வளைவில்
விழுந்த மரமொன்றின் மேல் எகில்ஸ் கிடந்தான்.
மரத்தை அவன் பிடித்திருக்கவில்லை; விரல்கள் மடங்கவில்லை.
ஒரு கிளைதான்
அவன் அக்குளில் கைகொடுத்து நிறுத்தியிருந்தது.

பிழைத்தான்.
போர்வைக்குள் பற்கள் அடித்துக்கொள்ள
அவன் கேட்டது ஒன்றுதான்:
'பத்தொன்பது என்று போட்டிருந்ததே?'
நான் பலகையைத் திரும்பிப் பார்த்தேன்.
பிறகு குன்வால்டிஸின் கையை.
அதிலிருந்த வெள்ளைத் தூளெல்லாம்
ஆற்றோடு போயிருந்தது.

மறுநாள் ஏழு மணிக்கு வந்து நின்றான்.
ஒன்றும் சொல்லவில்லை.
கயிற்றை வாங்கித் தானே இறக்கினான்.
மூன்று நிமிடமும் அவன் உதடு எண்ணியது.
'ஒன்பதரை, விஸ்மா' என்றான்,
ஏதோ தன் வீட்டுக் காய்ச்சலைச் சொல்வதுபோல.

ஆகஸ்டில் இருபத்தொன்று.
அப்போதும் முழங்கால், இடுப்பு,
பிடரியில் ஒரு கை நீர்,
கடைசியில்தான் தோளை நனைப்பேன்.
ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும்.

எண்ணை இப்போதெல்லாம்
பலகையின் இடது விளிம்பை ஒட்டியே எழுதுகிறேன்,
முன்னால் ஒரு கோட்டுக்கும் இடமில்லாமல்.

இன்று அக்டோபர். எட்டு.
ஆறு ஆறிக்கொண்டிருக்கிறது.
கரையில் ஆளில்லை.
ஒரு நீர்க்காகம் மட்டும்
பலகைப் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு
முங்கியது.