மீதி

கடன் அட்டை இலக்கம் 104729.
பாலிநகர் முன்பள்ளி, குழந்தைகளின் கதிரை.
முழங்கால் இடிக்க இருந்து வகுக்கிறேன்.

இலக்கங்களைக் கூட்ட இருபத்துமூன்று; மூன்றுக்கு மசியாது.
ஏழில் இரண்டு மிச்சம். பதின்மூன்றில் ஒன்றேயொன்று.
ஐந்தால் வகுத்தால் நாலு.
எங்கள் குழுவும் ஐந்து பேர்தான்:
போன புதனோடு தவறஞ்சினியைக் காணவில்லை,
அவளுடைய தவணை நாலாய் உடைந்து எங்கள் மடியில்.

வெளியே கிரவல் தெருவில் மோட்டார்சைக்கிள்.
மகளின் கொப்பியில் மூன்று புதனாய்
முந்நூற்றுப் பதினேழு வரை வந்துவிட்டேன்.
அடுத்தது வர்க்கமூலத்தைத் தாண்டிவிடும்,
இனித் தேவையில்லை.

காசு வாங்கும் பொடியன் எட்டிப் பார்க்கிறான்:
“என்னக்கா, வட்டியா பார்க்கிறியள்?”
“இல்லைத் தம்பி. உங்கட இலக்கம் முதன்மை எண்.
ஒன்றையும் தன்னையும் விட்டால்
ஒருத்தருக்கும் பிரியாது.”

ஐந்தாவது கையெழுத்துக் கோட்டில் விரலை வைத்தபடி
அவன் கதவைப் பார்த்தான்.