எள்ளுக்கும் கொள்ளுக்கும் நடுவே

பெங்களூர் ரேஸில் தோற்றுத் தோற்று
ராயக்கோட்டையில் வந்து இறங்கினாள் பெட்டை.
விலா எலும்பை எண்ணலாம். எண்ணினேன்:
ஒரு பக்கம் பதினாறு, அதற்குமேல் மனசில்லை.

"கொள்ளு போடு" என்றார் தீவனக்கடை அமீர்ஜான்.
"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குத்தான் கொள்ளு"
என்று குழப்பினான் லாடம் அடிக்கிற நாகோஜி.
ஓட்ஸ் மூட்டை விலை கேட்டுத்
தராசையே பார்த்து நின்றேன்.

கடைசியில்
ஊறி வெந்த கொள்ளு ஒரு படி,
ஓடைப் பாத்தியில் அறுத்த குதிரைமசால்,
மேலே கடலை எண்ணெய் ஒரு கரண்டி.
அந்த மாதம் எங்கள் குழம்பு
தாளிக்காமலே இறங்கியது.

மார்புக் கயிற்றில் முடிச்சு
இரண்டு விரல் நகர்ந்தது. வயிறும் உருண்டது.
முதுகு மட்டும்
கூரை முகடு மாதிரி அப்படியே.

டாக்டர் தேன்மொழி
தீவனத் தொட்டியை எட்டியும் பார்க்கவில்லை.
கோட்டை மலைப்பக்கம் விரல் நீட்டி
"தினம் கூட்டிப் போ" என்றார்,
"மேலே உட்காராமல்."

அறுபது விடியல். பனியில்
அவள் மூச்சு முன்னால், என் மூச்சு பின்னால்.
நேற்று கை வைத்தேன்:
தண்டின் இருபுறமும் பிடி பிடியாய்ச் சதை.

இறங்கும்போதுதான் கவனித்தேன்,
என் கெண்டைக்காலும் கல்லாகியிருந்தது.
எனக்கு யாரும் அளந்து வைக்கவில்லை.
அவள் கொள்ளு வடித்த தண்ணீரில்
ரசம், அவ்வளவுதான்.