கட்டம்

திஸா நதிக்கரை ஊர். பள்ளி உடற்பயிற்சிக் கூடம்.
நான்கு தேர்தலாக எட்டெல்காதான் எண்ணுகிறாள்.
ஒரு கள்ள ஓட்டு கிடையாது;
சத்தியம் செய்வாள்.

முதல் தடவை அவளும் அவருக்கே போட்டாள்.
மேடையில் "மக்கள்" என்றார்,
தன்னையும் அதில் சேர்த்துக்கொண்டாள்.
மறு ஆண்டு அந்தச் சொல்லிலிருந்து
நீதிபதிகளை எடுத்தார். கைதட்டினாள்.
வானொலிக்காரர்களை எடுத்த அன்று
அடுப்பில் சூப் பொங்கியது, கவனிக்கவில்லை.
பக்கத்துவீட்டுக் கிளாரினெட் வாத்தியார் லோரான்ட்
எப்போது உதிர்ந்தார்?

ஆள் குறையக் குறைய
ஒலிபெருக்கியில் சொல் பெருத்தது.
எல்லாம் சட்டப்படி,
கைதூக்கி.

இன்றிரவு பார்வையாளர் நாற்காலிகள்
சுவரோரம் அடுக்கியே கிடக்கின்றன.
பெட்டியைக் கவிழ்க்கிறாள்.
விரலை நாவில் தொட்டு எண்ணுகிறாள்.
கணக்கு இந்த முறையும் சரியாகத்தான் வருகிறது.

பட்டியலில் லோரான்ட் பெயர் இருக்கிறது.
யாரும் அடிக்கவில்லை.
எதிரே கையெழுத்துக் கட்டம்
காலி.