சுவர்ச் சூடு

முதல் ஈட்டுக்குப் பதினோரு மட்டை,
அடுத்தடுத்த ஈட்டுக்கு நாலு நாலு.
ஐப்பசி முழுக்கப் பால்கணக்கு நோட்டின் பின்பக்கம்
கோடு போட்டு வைத்தேன்.
மழையில் ஊறிய தென்னை மட்டை
எரிவதற்கு முன்னால் அழுது தீர்க்கும்;
அந்தக் கண்ணீரைக் காய்ச்சவே பாதித் தீ.
மீதித் தீ எங்கே போகிறது?

செங்கொடி வந்தாள்,
திருத்துறைப்பூண்டியில் சித்தாள் வேலை முடித்து,
முழங்கைவரை சிமெண்டு காய்ந்த கையோடு.
குனிந்து பார்த்தாள். சிரித்தாள்.
"வாயைப் பாருக்கா, முதலை மாதிரி.
இவ்ளோ வாய் இருந்தா
வயித்துல என்ன தங்கும்?"

ஞாயிற்றுக்கிழமை இடித்தோம்.
வாய்க்கால் களியில் பதரைப் போட்டு மிதித்து
இரட்டைச் சுவர்,
நடுவில் ரைஸ்மில் உமிச்சாம்பல் இரண்டு மூட்டை.
சாம்பல் சூட்டை வெளியே விடாதாம்.
புயலில் பெயர்ந்த ஜன்னலின் கம்பிகளை அறுத்து
அடியில் தட்டி, காற்று கீழிருந்து ஏற.
கொப்பரைக்கும் மண்ணுக்கும் நடுவே
அவள் சுண்டுவிரல் போகும், என்னுடையது போகாது.
கூலி கேட்டதற்கு
"ஆறு மாசத்துக்கு தினம் நாலு இட்லி" என்றாள்.
சட்னிக்குத் தனியே பேரம் நடந்தது.

இப்போது முதல் ஈட்டுக்கு ஐந்து, பிறகு இரண்டு.
சில நாள் ஒன்றரை.
அரை மட்டையை எப்படி எழுதுவதென்று தெரியாமல்
குட்டைக் கோடு போட்டேன்.
ராத்திரி இருமல் இல்லை.

மார்கழி பிறந்து மூன்றாம் நாள்,
நாலரை மணிக்கு மாவுச் சட்டியோடு பின்னால் போனால்
நாயைக் காணோம்.
அடுப்பின் வெளிச்சுவரில் முதுகை ஒட்டி
நாலு குட்டியோடு கிடக்குமே, அந்தச் செவலை.
மண்ணில் அது படுத்த பள்ளம் மட்டும்.
சுவரில் கை வைத்தேன்.
கிணற்றுக் கைப்பிடிச் சுவர் மாதிரி
ஜில்லென்று இருந்தது.

மீதித் தீ எங்கே போய்க்கொண்டிருந்தது என்று
அப்போதுதான் தெரிந்தது.

"வேணும்னா சுவத்துல ஓட்டை போட்டுத் தரவா?"
செங்கொடி கேட்டாள்.
கேலியா நிஜமா, முகத்தில் தெரியவில்லை;
வாய் நிறைய இட்லி.

கடைசி ஈடு இறங்கியதும்
ஓட்டைச் சட்டியில் தணலை அள்ளி
பள்ளத்தின் பக்கத்தில் வைத்தேன்.
குட்டிகள் வந்தன.
தாய் பால் பிடித்த சம்பா வரப்பில் நின்று
என்னையே பார்த்தது, வரவில்லை.
அன்றைக்கு நோட்டில்
ஒரு கோடு கூடுதல்.