கடைவாய்ப்பல்

எங்கள் அக்தாவில் தெருக்களுக்குப் பெயர் இல்லை.
வட்டாரம், கட்டடம், கதவு என்று
மூன்று எண்கள்தான் விலாசம்.
அந்த எண்களுக்குள் வளர்ந்தவள் நான், கம்ஷாத்.
காஸ்பியன் கடலைக் குடிநீராக்கும் ஆலையில்
உப்பு அளக்கிறேன்.
கணக்கில் பிழை விட்டதில்லை.

ஒரல்பாய்க்குப் பதினான்கு நாள் எண்ணெய் வயல்,
பதினான்கு நாள் வீடு.
எனக்கு இருபத்தெட்டு.
ஒரு முறைகூட நாள் தள்ளியதில்லை.
கடிகாரம் போல உடம்பு என்று மெச்சினார்
மருத்துவர் லித்யா செமியோனவ்னா.
மெச்சிவிட்டு, மருந்துச் சீட்டின் பின்புறம்
ஒரு கோடு இழுத்தார்.
முட்டைக்கு ஒரு நாள்தான் ஆயுள்.
அவர் தந்தது உள்ளே ஐந்து நாள் காத்திருக்கும்.
ஒன்பது முதல் பதினான்கு வரை
கதவு திறந்திருக்கும், அதற்கு மேல் இல்லை.

வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன்.
அவன் வருவது என் இருபத்திரண்டாம் நாள்.
போவது ஏழாம் நாள் விடியலில்.
நடுவில் ரத்தம்.
கதவு திறக்க இரண்டே நாள் இருக்கும்போது
பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
படியிறங்குகிறான்,
மூன்று வருடமாக.

ஒரே பல்லெண்ணிக்கை கொண்ட இரண்டு சக்கரங்கள்.
கொஞ்சம் ஒழுங்கு கெட்டிருந்தால்
என்றைக்காவது
தடுக்கியாவது ஒருவர்மேல் ஒருவர் விழுந்திருப்போம்.

"பாதி மாதம் வீட்டில்தானே கிடக்கிறான், பிறகென்ன?"
என்பாள் அவன் அக்கா உல்போல்சின்.
'மகன் பிறக்கட்டும்' என்று பெயர் சூட்டப்பட்ட
ஐந்தாவது பெண் அவள்.
நான் பேசாமல் தேநீர் ஊற்றுவேன்,
அரைக் கிண்ணம்.
அரைதான் மரியாதை.
நிறைத்துக் கொடுத்தால்
கிளம்பு என்று அர்த்தம்.

பிப்ரவரியில் கேட்டேன்:
ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் விடுப்பு வாங்கு.
என்ன சொல்லி வாங்குவது?
இருநூறு ஆண்கள் படுக்கிற முகாமில்
மேற்பார்வையாளனிடம் போய்
மனைவிக்குப் பன்னிரண்டாம் நாள் என்றா?
பல்வலி என்றிருக்கிறான்.
சான்றிதழ் கொண்டுவா என்றிருக்கிறார்கள்.

ஏழாம் நாள் போனவன்
ஒன்பதாம் நாள் மாலை வாசலில் நின்றான்.
கன்னத்துக்குள் பஞ்சு,
சட்டைப்பையில் சான்றிதழ்,
தீப்பெட்டிக்குள் கடைவாய்ப்பல்.
சொத்தை இல்லை, ஆட்டம் இல்லை.
இதை எதற்குப் பிடுங்க வேண்டும் என்று
பல் வைத்தியர் இரண்டு முறை கேட்டாராம்.
சிரித்தேன்.
பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு,
நான் அளந்து அனுப்பிய தண்ணீர் ஓட ஓட,
அழுதேன்.

அன்றிரவு அவனுக்குக் காய்ச்சல்.
பத்தாம் இரவும் வீக்கம்.
பதினொன்றில் கஞ்சி குடித்தான்.
பன்னிரண்டாம் மாலை
காகிதப் பட்டையில் இரண்டாம் கோடு
முதல் கோட்டைவிடக் கறுத்தபோது
அழைப்பு மணி அடித்தது.

உல்போல்சின், அவள் கணவன், ஒரு பானை சூப்.
பல் பிடுங்கியவனைப் பார்க்க வந்தார்களாம்.
கணவன் குதிரை விற்ற கதையைத் தொடங்கினான்.
குதிரை இன்னும் சந்தைக்கே போய்ச் சேரவில்லை,
மணி பத்தரை.
ஒரல்பாய் என்னைப் பார்த்தான்,
நான் கடிகாரத்தை,
அது யாரையும் பார்க்கவில்லை.

எழுந்தேன்.
நாத்தனாரின் கிண்ணத்தை வாங்கினேன்.
விளிம்பு வரை ஊற்றினேன்,
தட்டில் ஒரு சொட்டு வழியும் வரை.

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள்.
என் முகத்தைப் பார்த்தாள்.
ஏதோ புரிந்திருக்க வேண்டும், அல்லது
இனி இந்த வீட்டுப் படி ஏறமாட்டாள்.
கதவருகே செருப்பை மாட்டியபடி
என் தோளை ஒரு முறை அழுத்தினாள்.
அது எதற்கென்று இன்னும் தெரியவில்லை.

எல்லாம் சரியாக அமைந்தாலும்
நாலில் ஒன்றுதான் என்றார் லித்யா செமியோனவ்னா.
மிச்ச மூன்றையும் எனக்கு
நன்றாகப் பழக்கம்.

இன்று இருபத்தாறு.
விட்ட வாரத்தை ஈடுகட்ட
அவன் அங்கேயே இருக்கிறான்.
ஜன்னல் விளிம்பில் தீப்பெட்டி,
பக்கத்தில் வெப்பமானி.
காலையில் அதை எடுக்கவில்லை.

மதியம் அழைத்தான்.
எதையும் கேட்கவில்லை.
இடப்பக்கம் மென்று பழகிவிட்டது என்றான்.